குனிந்தால் வரும் நாற்றம்

மார்கழி பிறந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வாசலில் கோலம் போடக் குனிந்தபோதுதான் அந்த நாற்றம் முதலில் வந்தது. செத்த எலி இல்லை, சாக்கடையும் இல்லை. மூடி வைத்து மறந்துபோன பருப்பை மூன்று நாள் கழித்துத் திறந்தால் ஒரு வாடை வருமே, அதில் கொஞ்சம் துருப்பிடித்த இரும்பைக் கலந்த மாதிரி. நிமிர்ந்தேன், போய்விட்டது. அடுத்த புள்ளி வைக்கக் குனிந்தேன், மறுபடியும் வந்தது.

கீழ் வீட்டு அக்கா அப்போது கேட்டுக்குப் பக்கத்தில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஏதாவது நாத்தம் வருதா?"

அவர் வாளியோடு நின்று இரண்டு பக்கமும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "சாணி வாசனையச் சொல்றியா?"

"இல்லக்கா. வேற மாதிரி."

"தீபத்துக்கு வந்தவன் எவனாவது கால்வாயில எதையாவது போட்டுட்டுப் போயிருப்பான். ஊரே இன்னும் குப்பையாத்தான கிடக்குது."

அது சரியாகத்தான் பட்டது. கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் வேங்கிக்கால் வரைக்கும் பேப்பர் தட்டும் தண்ணீர் பாட்டிலும் பறந்துகொண்டிருந்தன. கோலத்தை முடித்து மேலே போனேன். ஆனால் படியேறும்போது ஒன்றைக் கவனித்தேன். அந்த இடத்தில்தான் அக்கா வீட்டுச் சமையலறைக் கழிவுநீர்க் குழாய் வந்து முடிகிறது.

கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் புது வீடுகளில் ஒன்று அது. மேலே நாங்கள், கீழே அக்காவும் அவர் வீட்டுக்காரரும். வீட்டுக்காரருக்கு செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் சமையல் வேலை. அக்காவுக்கு இரண்டு பையன்கள், இருவரும் வெளியூரில் படிக்கிறார்கள். நான் ஒரு இ-சேவை மையத்தில் சான்றிதழ் விண்ணப்பங்களைப் பதிவு செய்கிறேன். என் கணவருக்கு பைக் ஷோரூமில் சர்வீஸ் பிரிவில் வேலை. என் மகளுக்கு ஒரு வயது ஆனதிலிருந்து காலை ஒன்பது முதல் மாலை ஐந்தரை வரை அக்காதான் அவளைப் பார்த்துக்கொள்கிறார். அப்போது அவளுக்கு மூன்று வயது ஆகப்போகிற நேரம். அவள் முதலில் சொன்ன முழு வாக்கியம் "அக்கா மாவு ஆட்டறாங்க" என்பதுதான். அக்கா மாலையில் தோசை மாவு விற்பார். என் வேலை, என் மகளின் பகல், இரண்டுமே அந்த அக்காவின் கையில் இருந்தன. அந்தக் கையைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.

உடனே சந்தேகப்படவில்லை. முதலில் என் வீட்டைச் சந்தேகப்பட்டேன். ஃபிரிட்ஜை இழுத்துப் பின்னால் பார்த்தேன். தரையெல்லாம் ஃபினாயில் போட்டேன். தண்ணீர்த் தொட்டியில் ஏதாவது விழுந்திருக்கும் என்று கணவரை மாடிக்கு அனுப்பினேன். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தெளிவா இருக்குது, என் மூஞ்சிதான் தெரியுது" என்று மேலிருந்து கத்தினார். அவருடைய ஹெல்மெட்டைத் துவைத்தேன். ஷூவை வெயிலில் வைத்தேன்.

"உங்களுக்கு நெஜமாவே வரலையா?"

"நான் நாள் முழுக்க இன்ஜின் ஆயில்ல கெடக்கறவன். என் மூக்க நம்பாத."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் நிஜமாகவே நம்பவில்லை.

பிறகு மகளின் மூக்கு. சின்னக் குழந்தைகள் மணி, பயறு, பென்சில் துண்டு என்று எதையாவது மூக்கில் போட்டுக்கொள்ளும், உள்ளே அழுகி நாறும் என்று படித்திருக்கிறேன். அவளை மடியில் படுக்க வைத்து, செல்போன் லைட்டை அடித்து இரண்டு துவாரத்தையும் பார்த்தேன். காய்ந்த சளி தவிர ஒன்றும் இல்லை. அவளுக்கு இது புது விளையாட்டு. எழுந்து உட்கார்ந்து போனைப் பிடுங்கினாள்.

"இப்ப அம்மா மூக்கு. பாப்பா பாக்கறேன்."

"பாரு."

"உள்ள இருட்டா இருக்குது" என்றாள்.

சிரித்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டேன். சரியான மூக்கைப் பார்த்த முதல் ஆள் அவள்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் மூக்கு அடைத்துக்கொண்டது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனேன். சளி என்றார். ஐந்து நாளைக்கு மாத்திரை, ஆவி பிடிக்கச் சொன்னார். மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். போளூர்ப் பக்கம் ஒரு கிராமம். இரண்டாம் நாளே நாற்றம் இல்லை. அம்மா வீட்டு வாசலில் பெரிய கோலம் போட்டேன். குனிந்து குனிந்து போட்டேன். ஒன்றும் வரவில்லை.

"என் வீட்ல என்ன நாத்தம் இருக்கும்?" என்றார் அம்மா. பெருமையாக.

திரும்பி வந்தோம். நான்கு நாள் சும்மா இருந்தது. ஐந்தாம் நாள் காலை, கேட்டுக்குப் பக்கத்தில் குனிந்தேன். வந்துவிட்டது.

நான் வேதியியல் முதுகலை படித்தவள். இரண்டு இடத்தில் ஒரே சோதனையைச் செய்தால், ஒரு இடத்தில் மட்டும் விளைவு வந்தால், காரணம் அந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். மாத்திரையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சளிக்குக் கொடுத்த மாத்திரைக்கும் வாசல் நாற்றத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஆபீசில் வீணான பிரிண்ட் காகிதத்தின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். எங்கே, எப்போது. காலை, கேட் பக்கம். மாலை, படிக்கட்டுக்குக் கீழே செருப்பைக் கழற்றும்போது. மாலை, அக்கா வீட்டு வாசலில் பாப்பாவைத் தூக்கும்போது. மறுபடி மாலை, அதே இடம். வீட்டுக்குள், பாப்பாவின் கால் கழுவும்போது. வீட்டுக்குள், பாப்பாவின் சட்டையைக் கழற்றும்போது. ஒரு வாரத்தில் பக்கம் நிறைந்தது. படித்துப் பார்த்தால் எல்லா வரிகளும் ஒரே பக்கம் கையைக் காட்டின. கீழ் வீடு. கீழ் வீட்டிலிருந்து என் மகள்மேல் ஒட்டிக்கொண்டு மேலே வருகிறது.

ஒவ்வொரு வரியிலும் நான் குனிந்திருக்கிறேன். அதை எழுதத் தோன்றவில்லை. மூன்று வயதுக் குழந்தையை வைத்திருப்பவள் நாள் முழுக்கக் குனிந்துகொண்டுதானே இருக்கிறாள்.

அதன் பிறகு தினமும் மாலையில் மகளை வாங்கும்போது முகர்ந்து பார்க்க ஆரம்பித்தேன். முதலில் தலை, பிறகு கழுத்து, பிறகு கை. முத்தம் கொடுப்பதுபோலத்தான் செய்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

"இன்னாம்மா, தெனம் புள்ளைய மோந்து மோந்து பாக்கற? நாய்க்குட்டி வாங்கியாந்த மாதிரி?"

அக்கா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"இல்லக்கா, சும்மா. பாப்பா வாசனை."

"பாப்பா வாசனையா? மாவு வாசனைதான் வரும். கிரைண்டர் பக்கத்துலயே குந்தினு இருக்குது."

இரண்டு நாள் கழித்து மகள் ஈரத் தலையோடு வந்தாள். பவுடர் போட்டு, பொட்டு வைத்து, சட்டை மாற்றியிருந்தது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாளும். அதுவரை இரண்டு வருடத்தில் அக்கா ஒருநாளும் மாலையில் அவளைக் குளிப்பாட்டியதில்லை. காலையில் நானே குளிப்பாட்டித்தான் கொண்டுபோய் விடுவேன்.

"ஏன்க்கா சாயந்திரம் தலைக்கு ஊத்தறீங்க?"

"வேத்துப் போயிருந்தா. அதான்."

மாசி பிறந்திருந்தது, ஆனால் வெயில் இன்னும் ஏறவில்லை. மாலையில் எனக்கே சால்வை தேவைப்பட்டது. குழந்தைக்கு எப்படி வேர்க்கும்? அக்கா சொல்வது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது பொய்தான், அந்த மட்டில் என் கணிப்பு சரி. எதையோ கழுவி மறைக்கிறார் என்று முடிவு செய்தேன். அந்த வாரக் கடைசியில் மகளுக்குச் சளி பிடித்து இருமல் வந்தது. அதையும் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்க புள்ளைங்க ரெண்டும் அவங்க கையிலதான வளந்துச்சு? நல்லாத்தான இருக்குதுங்க?"

"அது அப்ப. இப்ப என்ன நடக்குதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சுக்கணும்னா நேராக் கேளு. மோந்து பாக்காத. அசிங்கமா இருக்குது."

நேராகக் கேட்கத் தைரியம் இல்லை. அதனால் ஒருநாள் மதியம் சொல்லாமல் போனேன். சாப்பாட்டு நேரத்தில் ஆட்டோ பிடித்து வந்து கீழ்க் கதவைத் தட்டினேன். அக்கா முகத்தில் தண்ணீரோடு திறந்தார். பயந்துபோனார்.

"இன்னாச்சு? உடம்பு சரியில்லையா?"

"இல்லக்கா. ஒரு பேப்பர் மறந்துட்டேன். பாப்பாவப் பாத்துட்டுப் போலாம்னு."

"இப்பதான் தூங்குனா. சத்தம் போடாத."

மகள் பாயில் கையை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஃபேன் மெதுவாகச் சுற்றியது. தரை துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. வீடு சுத்தமாக இருந்தது. இவ்வளவு சுத்தம் ஏன் என்றுகூட நினைத்தேன். அக்கா எனக்கு மோர் கொண்டுவர உள்ளே போனார். அந்த ஒரு நிமிடத்தில் நான் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தேன்.

நாற்றம் முகத்தில் அறைந்தது. அதுவரை வந்ததிலேயே அதிகம். பிடித்துவிட்டேன் என்று இருந்தது. உள்ளே ஒரு டிரங்க் பெட்டி, பழைய மிக்சி, சுவர் ஓரமாக ஒரு தகர டின். கையை நீட்டி டின்னை இழுத்தேன்.

"இன்னா தேடற?"

அக்கா டம்ளரோடு நின்றிருந்தார்.

அப்போதுகூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். கம்மல் விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்றம் இன்னும் மூக்கில் இருந்தது. சாட்சி கையில் இருப்பதாக நம்பினேன்.

"உங்க வீட்ல ஏதோ நாறுதுக்கா. ரெண்டு மாசமா. பாப்பா மேலயும் வருது."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். குனிந்து டின்னை எடுத்துத் திறந்து என் பக்கம் காட்டினார். உள்ளே பிளாஸ்டிக் கவரில் இறுக்கி முடிந்த கருவாடு. "இதுவா?"

மண்டியிட்டிருந்த இடத்திலிருந்து எழுந்தேன்.

"நீ திங்க மாட்டியா?"

"திங்கறோம்க்கா. அதில்ல..."

"அப்ப எது?"

இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டைப் பார்த்து நாறுகிறது என்று சொன்னால், கேட்பவருக்கு அது மூக்கோடு நிற்பதில்லை. யார் என்ன சாப்பிடுகிறார்கள், யார் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடும். நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் நினைக்காமல் சொன்னால் அந்தச் சொல் விழாமல் இருக்குமா? அக்காவின் முகத்தைப் பார்த்தேன். விழுந்திருந்தது.

"ரெண்டு வருஷமா உன் புள்ள இந்த வீட்லதான் வளந்துது" என்றார். குரலை உயர்த்தவில்லை. குழந்தை தூங்குகிறதே என்று மெதுவாகத்தான் சொன்னார். "வேற எடம் பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன். பெரிய தெரு தாண்டி ஒரு பிளே ஸ்கூல். சுவரெல்லாம் பொம்மை, தரையெல்லாம் ரப்பர் பாய், எங்கும் ஃபினாயில் மணம். நாற்றம் வர வழியே இல்லாத இடம் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். முதல் நாள் காலை கேட்டில் இறக்கிவிட்டபோது மகள் என் சுடிதாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா வீடு."

"இது புது ஸ்கூல் குட்டி. பாரு, யானை பாரு."

"யானை வேணாம். அக்கா வீடு."

அவள் ஷூவைக் கழற்றி வைக்க நான் குனிந்தேன். அங்கேயும் வந்தது. அதே பருப்பு, அதே இரும்பு.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? குழந்தையைச் சந்தேகப்பட்டேன். இவளுக்குத்தான் ஏதோ நோய். வயிற்றில், ரத்தத்தில், எங்கேயோ. ஆபீஸ் போகும் வழி முழுக்க அதை நினைத்துக்கொண்டே போனேன். அங்கே பிரிண்டரிலிருந்து ஒரு தாள் வழுக்கி மேசைக்கு அடியில் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன்.

மகள் இல்லை. அக்கா இல்லை. கருவாடு இல்லை. வெறும் காகிதமும் வயரும். நாற்றம் இருந்தது.

நிமிர்ந்தேன். குனிந்தேன். மறுபடி நிமிர்ந்தேன். அடுத்த சீட்டில் இருந்தவர், "என்ன மேடம், எக்சர்சைசா?" என்றார்.

அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. போனில் தேடினேன். சைனஸில் சீழ். மூக்கில் சதை வளர்ச்சி. மூக்கின் உள்தோல் காய்ந்து பொருக்கு கட்டுவது. கொரோனா வந்து போனவர்களுக்கு இல்லாத நாற்றம் இருப்பதாகத் தெரிவது. சில மாத்திரைகள். வலிப்பு வருவதற்கு முன்னால் வரும் நாற்றம். மூளையில் கட்டி. கடைசி இரண்டைப் படித்த பிறகு மற்றவை எதுவும் மனதில் நிற்கவில்லை. இரண்டு மாதமாக ஊரையெல்லாம் முகர்ந்தவள், என் உள்ளங்கையைக் குவித்து மூச்சை விட்டு என்னையே முகர்ந்தேன். கவுண்டருக்கு வந்தவர்களில் எத்தனை பேர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி நின்றார்கள் என்று யோசித்தேன். ஒரு பெரியவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு பேசியது ஞாபகம் வந்தது. அவருக்கு இருமல் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்.

கணவர் அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். நடுவயதுப் பெண் டாக்டர். நான் எழுதி வைத்திருந்த காகிதத்தை நீட்டினேன். அவர் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "எந்தப் பக்கம்?" என்றார்.

"கேட் பக்கம்தான் ஜாஸ்தி மேடம்."

"வீட்ல இல்லம்மா. மூக்குல. எந்தப் பக்கத் துவாரம்?"

இத்தனை நாளில் ஒருமுறைகூட ஒரு பக்கத்தை மூடிப் பார்க்கவில்லை. அவர் சொன்னபடி தலையைக் கவிழ்த்து இடது பக்கத்தை அழுத்தினேன். ஒன்றுமில்லை. வலது பக்கத்தை அழுத்தினேன். முகம் தானாகவே சுளித்தது.

"இடது பக்கம் மட்டும்."

"குனிஞ்சா ஜாஸ்தியா?"

பின்னால் உட்கார்ந்திருந்த என் கணவர், "ஐயோ" என்றார். அவ்வளவுதான். எனக்கும் அந்த நொடியில் அந்தக் காகிதத்தின் எல்லா வரிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தன. கோலம், செருப்பு, வாசல், கட்டிலடி.

டாக்டர் விளக்கை வைத்து மூக்குக்குள் பார்த்தார். சீழ் இறங்குகிறது என்றார். பிறகு வாயைத் திறக்கச் சொன்னார். எனக்குக் குழப்பம். மூக்குக்கு எதற்கு வாய்? ஒரு கம்பியின் பின்முனையால் இடது மேல் கடைவாய்ப் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"வலிக்குதா?"

"இல்ல மேடம்."

"இது?"

"இது... வலி இல்ல. மரத்துப்போன மாதிரி இருக்குது."

"முன்னாடி வலிச்சிருக்கா?"

வலித்திருக்கிறது. மகள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது அந்தப் பல் உயிரை வாங்கியது. அப்போது பார்த்த பல் டாக்டர், இப்போதைக்கு மருந்து வைக்கிறேன், பிரசவத்துக்குப் பிறகு வேர் சிகிச்சை செய்யலாம், முடியாவிட்டால் எடுத்துவிடலாம் என்றார். எடுப்பது என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா என்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பு. இன்னாருக்கு அப்படி ஆனது, இன்னார் மாமியாருக்கு அப்படி ஆனது என்று ஆளுக்கு ஒரு சாட்சி வைத்திருப்பார்கள். அம்மா பெருங்காயத்தைப் பொரித்துப் பல்லில் அடைத்தார். கிராம்பு வைத்தார். குழந்தை பிறந்து ஒரு மாதத்தில் வலி தானாகவே நின்றுவிட்டது. "பாத்தியா, வேண்டிக்கிட்டேன், நின்னுடுச்சு" என்றார் அம்மா. நானும் பல் ஆறிவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அதை நினைக்கவே இல்லை. வலித்ததையும் தானாக நின்றதையும் டாக்டரிடம் சொன்னேன்.

"ஆறல. செத்துப்போச்சு" என்றார் டாக்டர். "நரம்பு செத்ததால வலி நின்னுச்சு. வேர் மேல உள்ள எலும்பு மெலிசு, அதுக்கு மேலதான் சைனஸ். சீழ் கீழ வர வழியில்லாம மேல போயிருக்கு. நடுவுல மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா? அப்ப கொஞ்ச நாள் நின்னிருக்குமே?"

"பொங்கலுக்கு" என்றேன்.

"ஏன் அப்பவே பல்ல எடுக்கல? கண்ணு போயிடும்னு சொன்னாங்களா?"

"ஆமா."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி."

அவர் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். அவர் சொன்னதுதான். மூளையில் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் பல் டாக்டர் அந்தப் பல்லை எடுத்தார். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மாத்திரையை முழுதும் முடிக்க வேண்டும் என்றார். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் பல் துலக்கும் முறை பற்றி ஒரு அட்டை இருந்தது. இடது கண்ணை மட்டும் திறந்து முழுதும் படித்தேன். வலது கண்ணால் ஒருமுறை, மறுபடி இடது கண்ணால். எல்லா எழுத்தும் தெரிந்தது. படித்தவள்தான். இருந்தாலும் படித்துப் பார்த்தேன்.

அம்மா போன் செய்தார். "கண்ணு தெரியுதா?"

"ம்."

"ரெண்டும் தெரியுதா?"

"ம்."

"கொஞ்ச நாள் கழிச்சுதான் தெரியாம போகும்னு சொல்றாங்க. எதுக்கும் பாத்துக்கோ."

நாற்றம் ஒரே நாளில் போகவில்லை. ஒரு வாரத்தில் குறைந்தது. மூன்றாம் வாரம் கோலம் போட்டபோது இல்லை. இல்லை என்பதையே இரண்டு நாள் சந்தேகப்பட்டேன். அந்த மூன்று வாரமும் கேட்டுக்குப் பக்கத்தில் அக்காவைப் பார்க்காத மாதிரி நானும், என்னைப் பார்க்காத மாதிரி அக்காவும் வாசல் தெளித்தோம். மகள் பிளே ஸ்கூலில் மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். மாலையில் படியேறும் முன்னால் கீழ்க் கதவுக்கு முன்னால் நின்றுவிடுவாள். தட்டமாட்டாள். சும்மா நிற்பாள். உள்ளே கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகளைக் கணவரிடம் விட்டுவிட்டுக் கீழே போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த நாத்தம் உங்க வீட்ல இல்ல. என் மூக்குல இருந்துது. பல்லு சொத்தையாகி, சீழ் மேல ஏறி... குனிஞ்சா வந்துது. நான்தான் தப்பா..."

அவர் நிமிரவில்லை. வெங்காயத் தோலை ஊதித் தள்ளினார். பிறகு சொன்னார்:

"அப்ப உன் நாத்தத்தக் கொண்டாந்து என் வீட்ல தேடுன."

"ஆமாக்கா."

"நீ மோந்து பாக்க ஆரம்பிச்சதுல இருந்து எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு. தெனம் ரெண்டு வாட்டி வீடு தொடைச்சேன். புள்ள மேல வாடை வருதோன்னு சாயந்திரமாத் தலைக்கு ஊத்துனேன், அதுக்கு சளி புடிச்சதுதான் மிச்சம். எங்க வீட்டுக்காரரக் கேட்டேன், என் மேல நாத்தம் அடிக்குதான்னு. கல்யாணமாயி இருவத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள் கேட்டதில்ல." கத்தியைத் தட்டின்மேல் வைத்தார். "அந்த டின்ன அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேன். அப்பறம் கருவாடே வாங்கல."

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மேலே மாடிப்படியில் மகளின் சத்தம் கேட்டது. அவள் தகப்பன் கையை உதறிவிட்டு, ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து இறங்கிக்கொண்டிருந்தாள். அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"மெதுவா வாடி, விழுந்துடப் போற." என்னைப் பார்க்காமலேயே, "நாளைக்குக் கொண்டாந்து விடு" என்றார். "ஆனா ஒண்ணு. வாசல்லயே விட்டுட்டு வாசல்லயே வாங்கினு போயிடு. நீ உள்ள வராத."

"சரிக்கா."

அப்படித்தான் நடக்கிறது. காலையில் வாசலில் விடுகிறேன். மாலையில் வாசலில் நிற்கிறேன். முன்பு இரண்டு வருடமும் நேராக உள்ளே போய், செம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு, கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் மேலே போவேன். இப்போது கதவு பாதி சாத்தியிருக்கும். அந்தப் பாதியில் அக்கா நின்று மகளை நீட்டுவார். முதல் சில நாட்கள், "இந்தா, மோந்து பாத்துக்கோ" என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு வாங்கினேன். பிறகு அதைச் சொல்வதை விட்டுவிட்டார்.

போன வாரம் ஒரு நாள் குனிந்து அவளைத் தூக்கினேன். தலை காய்ந்திருந்தது. சட்டையில் மாவுத் துளி. வேண்டுமென்று முகரவில்லை, முகம் பக்கத்தில் வந்தபோது தானாகவே வந்தது. பழைய நாற்றம் இல்லை. விரலிலும் வாயோரத்திலும் கருவாட்டுக் குழம்பு வாசனை. புதிதாக வைத்தது, புளியும் கத்தரிக்காயும் போட்டது.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத் தின்னா" என்றார்.

"சரிக்கா" என்றேன்.

கதவு பாதி சாத்தியபடியே இருந்தது. நான் மகளைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் கையைக் கழுவிவிடவில்லை.